அனாமத்துக் கணக்கு

ஒரகடம் மேம்பாலத்தின் மீது நின்று பார்த்தால் நாலு பக்கமும் கம்பெனிகள் தெரியும். லாரி தயாரிப்பவர்கள் ஒரு பக்கம், கார் தயாரிப்பவர்கள் ஒரு பக்கம், டயர் தயாரிப்பவர்கள் இன்னொரு பக்கம். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் எங்கே போய்ச் சேரலாமோ தெரியாது. என் ரூம் மட்டும் மேம்பாலத்திலிருந்து தெரியாது. வல்லம் போகிற வழியில், ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவசரமாகக் கட்டிய மாடி. மூணு பேருக்கான அறையில் ஆறு பேர் இருக்கிறோம். ஷிஃப்ட் என்று ஒன்றைக் கண்டுபிடித்த புண்ணியவான் வாழ்க! மூணு பேர் தூங்கும்போது மூணு பேர் வேலையில் இருப்பார்கள். பாய் மட்டும் சூடாகவே இருக்கும்.

ரூமில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. படித்த படிப்புதான் பெயர். ‘ஐ.டி.ஐ., குழம்பு வெச்சியா?’, ‘டிப்ளமா, லைட்டை அணை’, ‘பி.இ., அந்தத் துண்டு என்னோடது.’ நான் பி.காம். ஷிஃப்ட் இல்லாத ஒரே ஜீவன். பகலில் ரெண்டு மூணு லேத் பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன். ராத்திரியில் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இரண்டிலும் ‘அடுத்த வாரம் வாங்க ஸார்’ என்பதுதான் சம்பளம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரகங்கள் ஒரே நேர்கோட்டில் வருவது மாதிரி, ஆறு பேருக்கும் ஒரே நாளில் லீவு. பி.இ.யின் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் படம் பார்ப்பது என்று முடிவாயிற்று. என்ன படம் என்பதில்தான் சண்டை. கொரியா, மலையாளம் என்றெல்லாம் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது, மூத்தவன் என்கிற உரிமையில் நான் நுழைந்தேன்.

‘தம்பிங்களா, ஸ்கூல் லவ்வுன்னா எங்க காலத்துப் படம் ஒண்ணு இருக்கு. துள்ளுவதோ இளமை. பாருங்க, ஆடிப் போயிடுவீங்க.’

ஆடித்தான் போனோம். நான் மட்டும்.

2002 மே மாதம் வந்த படம். தனுஷின் முதல் படம். டைட்டிலில் இயக்கம் கஸ்தூரி ராஜா என்று வரும், எழுதியவர் செல்வராகவன். இசை யுவன் ஷங்கர் ராஜா. அப்போது நான் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு பேர் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினோம். மாமா வீடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தது என்பதால் அது முழுப் பொய் ஆகாது. தியேட்டரில் முன்வரிசை. எங்களைச் சுற்றி மீசை முளைத்தவர்கள், முளைக்காதவர்கள், முளைத்து நரைத்தவர்கள்!

அன்றைக்கு எங்களுக்கு அந்தப் படம் ஏன் அப்படிப் பிடித்தது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதுவரை தமிழ் சினிமாவில் பள்ளிக்கூடப் பையனாக வருகிறவர்கள் கல்யாணமாகி ரெண்டு குழந்தை பெற்றவர்கள் மாதிரி இருப்பார்கள். தனுஷுக்கு அப்போது நிஜமாகவே பதினெட்டு. எலும்பும் தோலுமாக, எங்கள் வகுப்பு ரெண்டாவது பெஞ்சில் இருந்து எழுந்து போனவர் மாதிரி இருந்தார். ‘இவன் ஹீரோன்னா நானும் ஹீரோடா’ என்று என் பக்கத்தில் ஒரு நண்பன் சத்தமாகவே சொன்னான். (இன்றைக்கு அவன் சுங்குவார்சத்திரத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். உடம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.)

அப்பா அம்மா சண்டையில் வீடு நரகமாக இருப்பதையும் அந்தப் படம் சொன்னது. அதை எங்களிடம் அதுவரை யாரும் பேசியதில்லை. பாட்டு பற்றிக் கேட்கவே வேண்டாம். அன்றிலிருந்து மூணு வருஷம் எங்கள் தெருவில் யுவன்தான் பஞ்சாயத்துத் தலைவர்.

சரி, இருபத்து மூணு வருஷம் கழித்து ஒரகடத்தில் ஸ்டூல் மேல் என்ன நடந்தது?

முதல் அரை மணி நேரத்தில் ஐ.டி.ஐ. எழுந்து போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தான். பி.இ. செல்போனை எடுத்துவிட்டான். டிப்ளமா மட்டும் பார்த்தான், ஆனால் நெளிந்துகொண்டே. தருமபுரியிலிருந்து வந்திருக்கிற இன்னொரு தம்பி, ரொம்ப சாது, மெதுவாகக் கேட்டான்:

‘அண்ணா, இந்தப் பொண்ணுங்க ஸ்கூல் யூனிஃபார்ம்லதான இருக்காங்க? அப்புறம் ஏன் காமிரா அங்கேயே சுத்துது?’

எனக்குச் சுருக்கென்றது. 2002-இல் எனக்கு அப்படி ஒரு காமிரா இருப்பதாகவே தெரியாது. நான் பார்த்ததாக நினைத்தேன். எனக்காக வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள். பதினைந்து வயதில், கூடப் படிக்கிற பெண்ணை எந்த இடத்தில் நின்று, எந்த உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் பாடம் எடுத்திருக்கிறார்கள். நானும் ட்யூஷன் ஃபீஸ் கட்டிப் படித்திருக்கிறேன். முன்வரிசை டிக்கெட் என்கிற பெயரில்.

இன்னொரு வேடிக்கை. படத்தின் பின்பாதி எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. மூணு பையன்கள், மூணு பெண்கள், ஆறு பேரும் வீட்டை விட்டு ஓடிப் போவார்கள் என்பது ஞாபகம் இருந்தது. அப்புறம் கஷ்டப்பட்டு, கையில் காசில்லாமல் சீரழிந்து, ‘வீட்டுக்குப் போய்ப் படிங்கடா’ என்று படமே புத்தி சொல்கிறது. அது ஞாபகமே இல்லை! பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் எழுதின மாதிரி ஒரு முடிவு. நாங்கள் பார்த்தது இடைவேளை வரைக்கும் உள்ள படத்தை. மீதிக்கும் உட்கார்ந்துதான் இருந்தோம். ஆனால் எடுத்துக்கொண்டு வந்தது முதல் பாதியை மட்டும். நீதியைக் கடைசி ரீலில் வைக்கிற எல்லாப் படங்களுக்கும் இதுதான் கதி என்று நினைக்கிறேன். முறுக்கு விற்கிறவன் உள்ளே வந்து போனதும், படம் தன் வேலையை முடித்துவிடுகிறது.

ப்ளஸ் ஒன் கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. பத்தாயிரம் ரூபாய் மிஷின் வாங்கினால் வருஷா வருஷம் இத்தனை சதவிகிதம் கழிக்க வேண்டும். படத்துக்கும் அப்படிப் போட்டுப் பார்த்தேன். தனுஷ்: தேய்மானம் கிடையாது, மதிப்பு ஏறியிருக்கிறது. யுவன்: நிலம் மாதிரி, நிலத்துக்குத் தேய்மானம் போடுவதில்லை. நகைச்சுவை: முழுத் தேய்மானம், பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். பெண்களைக் காட்டுகிற விதம்? அதை மிஷின் என்று எழுதியதே தப்பு. அது அன்றைக்கே நஷ்டம். நாம்தான் சொத்துப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.

ஒரு படத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அடுத்த வருஷமே, 2003-இல், ஷங்கரின் ‘பாய்ஸ்’ வந்தது. சுஜாதா வசனம், ரஹ்மான் இசை, சித்தார்த்தும் ஜெனிலியாவும் அறிமுகம். அதில் பையன்கள் கூட்டமாக நின்று பெண்களைக் கணக்கெடுப்பார்கள். காதலை நிரூபிக்க ஹீரோ நடுரோட்டில் உடுப்பில்லாமல் ஓடுவான். படம் வந்தபோதே பலத்த எதிர்ப்பு இருந்தது. எங்களுக்கு அந்த எதிர்ப்பெல்லாம் ‘பெரிசுங்க புலம்பல்’. அதற்குப் பிறகு வந்தவை எத்தனை! பெண் ‘வேணாம்’ என்பாள், ஹீரோ பின்னாலேயே போவான், பெண் திட்டுவாள், ஹீரோ பாடுவான், பெண் போலீஸுக்குப் போவேன் என்பாள், ஹீரோ இன்னொரு பாட்டு பாடுவான், இன்ஸ்பெக்டரே சேர்ந்து ஆடுவார். க்ளைமாக்ஸில் அவள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள். தமிழில் ‘வேணாம்’ என்பதற்கு அர்த்தம் ‘இன்னும் ரெண்டு பாட்டு ஆகட்டும்’ என்று ஒரு தலைமுறையே அகராதியைத் திருத்திக்கொண்டது.

வெளியே நடந்தது வேறு. 1998-இல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்தவர்களின் சேட்டையில் கீழே விழுந்து உயிரை விட்டார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங்குக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதாவது, நாங்கள் காஞ்சிபுரம் தியேட்டரில் விசில் அடித்தபோது அந்தச் சட்டத்துக்கு நாலு வயது. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அது யாரோ கெட்டவர்களுக்கான சட்டம் என்றுதான் நினைத்திருப்போம். நாங்கள்தான் காதலர்கள் ஆயிற்றே!

2016 ஜூன் 24. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலையில் வேலைக்குப் போக ரயிலுக்காக நின்றிருந்த இன்ஃபோசிஸ் ஊழியர் சுவாதி வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் போக இருந்த ஆபீஸ் இங்கிருந்து தூரமில்லை, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில். பின்னாலேயே சுற்றியவர் என்று போலீஸ் சொல்லிக் கைது செய்த இளைஞர், வழக்கு முடிவதற்குள் சிறையிலேயே இறந்து போனார். சினிமா இதற்குப் பொறுப்பா இல்லையா என்று டி.வி.யில் பட்டிமன்றம் நடந்தது. அதே வருஷம் அக்டோபரில் ‘ரெமோ’ வந்தது. நிச்சயம் ஆன பெண்ணை, நர்ஸ் வேஷம் போட்டு ஏமாற்றிக் காதலிக்க வைக்கிறார் ஹீரோ. தியேட்டரில் நானும் சிரித்தேன். ஒளிக்கவில்லை.

நிற்க. இத்தோடு கட்டுரையை முடித்து, ‘ஆகவே இளைஞர்களே’ என்று ஒரு பாரா எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். டிப்ளமா விடவில்லை.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அவன் மொட்டை மாடிக்கு வந்தான். ஊர் அரியலூர்ப் பக்கம். வயது இருபத்தொன்று. ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அப்ரண்டீஸ்.

‘அண்ணே, ஒரு ஹெல்ப்பு. நீங்க எழுத்தாளர்தானே, ஒரு மெசேஜ் எழுதித் தரணும். கவித மாதிரி.’

விஷயம் இதுதான். தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு, செல்போன் கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு பெண் வந்து நிற்கும். இவனுக்குக் காலை ஷிஃப்ட் இல்லாத வாரத்திலும் எழுந்து போய் எதிரே நிற்கிறான். மூணு மாதமாக. பேசியதில்லை. ஒரு தடவை பைக்கைக் கடன் வாங்கி, பஸ்ஸுக்குப் பின்னாலேயே கம்பெனி கேட் வரைக்கும் போயிருக்கிறான்.

‘அந்தப் பொண்ணு பார்த்துச்சா?’

‘பார்த்துச்சுண்ணே. அதான் மறுநாள்லேருந்து ஸ்டாப்ப மாத்திருச்சு. முன்னாடி ஸ்டாப்ல ஏறுது. நானும் அங்க போனேன். இப்ப திரும்ப மாத்திருச்சு. விளையாட்டு காட்டுதுண்ணே!’

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அந்தச் சந்தோஷத்தை எனக்குத் தெரியும். அதே முகத்தை நான் இருபது வருஷத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

‘உக்காருடா’ என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு என்று ஒன்று போடுவார்கள். பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். வரவில்லை என்றால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் வித்தியாசத்தை ஒரு தனிக் கணக்கில் தள்ளி வைப்பார்கள். அதற்குப் பெயர் அனாமத்துக் கணக்கு. என்னிடம் அப்படி ஒன்று 2004-லிருந்து இருக்கிறது.

ப்ளஸ் டூவில் நான் காமர்ஸ் க்ரூப். காலை ஆறு மணிக்கு ஒரு ஸார் வீட்டுத் திண்ணையில் அக்கவுண்டன்சி ட்யூஷன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் வருவாள். கணக்கில் புலி. ஐந்தொகை அவள் போட்டால் முதல் தடவையிலேயே ‘டேலி’ ஆகும். எனக்கு ஐந்து தடவை போட்டால் ஆறு விடை வரும். இரு நூற்றுக்கு இரு நூறு வாங்கப் போகிறாள், சி.ஏ. படிக்கப் போகிறாள் என்று ஸார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் லேடிபேர்ட் சைக்கிளில் போவாள். நானும் மூணு பேரும் பின்னால். பேசுவது கிடையாது, தொடுவது கிடையாது. பெல் அடிப்போம், பாடுவோம், முன்னால் போய் வழி விடாமல் மெதுவாக மிதிப்போம். அவ்வளவுதான். ‘அவ்வளவுதான்’ என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் சைக்கிளை நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ‘நாளைலேருந்து பின்னாடி வராத. எங்க வீட்ல தெரிஞ்சா என்னத்தான் நிறுத்துவாங்க’ என்றாள். மொத்தம் எட்டே வார்த்தை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நண்பர்களுக்கு புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பேசிட்டாளே! சினிமாவில் ஹீரோயின் முதலில் திட்டத்தானே செய்வாள்? வராக்கடனை வருமானம் என்று எழுதிக்கொண்டு கொண்டாடிய முதல் காமர்ஸ் மாணவன் நான்தான். அவள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை, ‘என்னத்தான் நிறுத்துவாங்க’ என்றதை, நான் காதிலேயே வாங்கவில்லை. ‘பின்னாடி வராத’ என்றால் ‘பக்கத்தில் வா’ என்று எங்கள் குழுவில் ஒரு மேதை உரை எழுதினான்.

ரெண்டு வாரத்தில் அவள் ட்யூஷனுக்கு வருவது நின்றது. பள்ளிக்கூடத்துக்கு அவளுடைய அண்ணன் கொண்டு வந்து விட்டு, கூட்டிக்கொண்டு போனான். மார்ச்சில் பரீட்சை. இரு நூறு வரவில்லை. காலேஜுக்கு அனுப்பவில்லை. ‘திண்ணைக்குப் போனதுக்கே நாலு பேர் பின்னாடி வந்தானுங்க, காஞ்சிபுரத்துக்கு அனுப்பினா என்ன ஆகும்?’ என்று அவளுடைய அப்பா கேட்டாராம். என் அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த நாலு பேரில் ஒருவன் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

நான் பி.காம். சேர்ந்தேன். காஞ்சிபுரத்திலேயே. என்னை யாரும் நிறுத்தவில்லை.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. ப்ளஸ் டூ முடித்த பெண்களை ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். எங்கள் ஊர் ஆலமரத்தடிக்கும் கம்பெனி பஸ் வந்தது. அவள் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன். ‘பரவால்ல, சம்பாதிக்குதே, நல்லதாத்தான் போச்சு’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை கேவலமில்லை, அந்த வேலையால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது, எத்தனையோ பெண்கள் முதல்முறையாகத் தங்கள் கையால் சம்பளம் வாங்கினார்கள். ஆனால் அவளுக்கு அது அவள் தேர்ந்தெடுத்ததா, மிச்சம் இருந்ததா? அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய பேரேட்டில் நான் பக்கத்தையே திருப்பவில்லை. 2014 நவம்பரில் அந்த ஆலையும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வித்தியாசத் தொகை அப்படியே அனாமத்தில்.

டிப்ளமா ரொம்ப நேரம் பேசவில்லை. கீழே மாடு ஒன்று மூச்சு விட்டது.

‘ஆனா அண்ணே, நான் பெல்லெல்லாம் அடிக்கலையே. சும்மாதானே நிக்கிறேன்?’

‘தம்பி, அந்தப் பொண்ணு எங்கேருந்து வந்திருக்கும்னு நினைக்கிற?’

இந்தப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பது, இருபது வயது. ராமநாதபுரம், விழுப்புரம், திருவண்ணாமலை, ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் இவர்களுக்காகத் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு நடுத்தர ஊர்! ‘பாவம், பூனை மாதிரி போகுதுங்க’ என்று நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் பலருக்கு உடம்பு கெட்டுப் போனபோது, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தவர்கள் இவர்கள்தான். லாரி லாரியாக நின்றது. கம்பெனிக்குப் பயப்படாதவர்கள், போலீஸுக்குப் பயப்படாதவர்கள், ஒன்றே ஒன்றுக்குப் பயப்படுவார்கள்: ஊரிலிருந்து வருகிற போனுக்கு.

‘யாரோ ஒருத்தன் தினமும் பின்னாடி வர்றானாம்’ என்று யாராவது அவள் ஊரில் வாய் தவறிச் சொன்னால் போதும். யார் தப்பு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ‘பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடு’ என்பார்கள். அவள் தங்கச்சியின் ஃபீஸ், அப்பாவின் கடன், அவள் கட்டுகிற சீட்டு, எல்லாம் ஒரு போனில் முடியும். எதிரே நிற்கிற பையனுக்கு ஒரு நாள் சம்பளம்கூட வெட்டாது. கணக்கில் முதல் பாடம் என்ன? ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுத வேண்டும். நாங்கள் எல்லோரும் வரவை மட்டும் எங்கள் பெயரில் எழுதிக்கொண்டோம். பற்று அவர்கள் பெயரில் விழுந்தது.

சட்டமும் இப்போது அதைத்தான் சொல்கிறது. வேண்டாம் என்று தெரிவித்த பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013-லிருந்து தனிக் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. முதல் தடவைக்கே மூணு வருஷம் வரை கிடைக்கும். ‘அப்ரண்டீஸ் மூணு வருஷம் முடிக்கிறதா, இந்த மூணு வருஷமா, நீயே முடிவு பண்ணு’ என்றேன். சட்டத்தைச் சொன்னபோது அவன் பயந்த மாதிரி தெரியவில்லை. வேறொன்றைக் கேட்டான்.

‘அப்ப ஸ்டாப்ப மாத்தினது... விளையாட்டு இல்லையாண்ணே?’

‘அது மெசேஜ்டா. நீ எங்கிட்ட எழுதித் தரச் சொன்னியே, அதுக்குப் பதில் ஏற்கெனவே வந்துடுச்சு. ரெண்டு தடவை.’

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்ப பொண்ணுங்ககிட்ட எப்படித்தாண்ணே பேசுறது? எங்க காலேஜ்ல பேசினாலே ஃபைன் போடுவாங்க. வீட்டுலயும் பேசக் கூடாது. சினிமாவுலதான் பாத்தோம்’ என்றான்.

சத்தியமாக, அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் தனித்தனி வரிசை, பஸ்ஸில் தனித்தனி ஸீட், காலேஜில் தனித்தனி மாடிப்படி. பேசக் கற்றுக்கொடுக்காமல், பார்க்க மட்டும் கற்றுக்கொடுத்த ஊர் இது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கூட வேலை செய்கிறவர்களிடம் வேலையைப் பற்றிப் பேசு. மனுஷியாகப் பேசு. பிடித்திருந்தால், அவள் சுலபமாகப் போய்விடக்கூடிய இடத்தில், பகலில், ஒரு தடவை கேள். ‘இல்லை’ என்றால் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் நட. அந்த ‘சரிங்க’வைச் சொல்கிற ஹீரோவை நான் தியேட்டரில் பார்த்த ஞாபகம் இல்லை. நீயாவது இரு.

கதை இதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவும் மாட்டேன்.

ரெண்டு வாரம் முன்னால், பட்டறை முதலாளி ஒருவரிடம் பாக்கி கேட்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். (‘அடுத்த வாரம் வாங்க ஸார்.’) சாயந்திரம் ஏழு மணி. தேரடிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் மாடியில் ஒரு ட்யூஷன் சென்டர். கீழே, சாத்தியிருந்த ஒரு கடையின் படியில், ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்கூல் பை. கழுத்தில் ஏதோ கம்பெனி ஐ.டி. கார்டு, வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். தலையில் லேசாக நரை.

அவள்தான்.

ஏழேகாலுக்கு மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். ஒரு பெண், ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பாள், ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றது. அதே நெற்றி. தெருமுனையில் மூணு பையன்கள் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார்கள். செல்போனில் பாட்டு. அவள் எழுந்தாள். பெண்ணின் இடது பக்கம் நடந்தவள், பைக் இருந்த இடம் நெருங்கியதும் வலது பக்கம் மாறிக்கொண்டாள். பையன்களுக்கும் பெண்ணுக்கும் நடுவில். யோசித்துச் செய்த மாதிரி இல்லை. மழை வந்தால் குடை விரிக்கிற மாதிரி, பழக்கத்தில்.

எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, கடைப்படியில் ஒரு மணி நேரம் காவல் உட்கார்ந்து, மகளை நிறுத்தாமல் படிக்க அனுப்புகிறாள். அவளுடைய அப்பா ‘நிறுத்து’ என்றார். இவள் ‘நான் வரேன்’ என்கிறாள். ஒரு தலைமுறையில் நடந்த முன்னேற்றம் அவ்வளவு. அந்த முன்னேற்றத்துக்கான செலவு முழுவதும் இவள் கணக்கில்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. டீ கிளாஸை வைத்துவிட்டு வேகமாக நாலு அடி எடுத்து வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்!

இருபது வருஷம் கழித்து, இருட்டுகிற நேரத்தில், மகளோடு நடந்து போகிறவள் பின்னால் ஒருவன் வேகமாக வருகிறான். திரும்பிப் பார்த்தால் அவளுக்கு என்ன தெரியும்? என் மனசில் இருக்கிற மன்னிப்பா தெரியும்? ‘வராத’ என்று அவள் சொன்னது இன்னும் அமலில்தானே இருக்கிறது? நான்தான் ஒரு நாளும் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

நின்றுவிட்டேன். அவர்கள் ரெண்டு பேரும் முனை திரும்புகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் அந்த மூணு பையன்களிடம் போனேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை; எனக்கு அந்தத் தைரியமெல்லாம் கிடையாது. ‘தம்பி, இங்க நிக்காதீங்கப்பா, பிள்ளைங்க வர்ற வழி’ என்றேன். ஒருவன் ‘உங்களுக்கு என்ன ஸார் வந்துச்சு?’ என்றான். சரியான கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அளவு ஆகும் என்பதால் சும்மா நின்றேன். அவர்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நாளைக்கு வருவார்கள் என்று எனக்கும் தெரியும்.

ரூமுக்கு வந்தபோது டிப்ளமா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க அவன் ஐந்தரைக்கு எழுந்திருக்கவில்லை. ‘தூக்கம் நல்லா வருதுண்ணே’ என்றான். கொஞ்சம் சோகமாகத்தான் சொன்னான். ‘அந்தப் பொண்ணு பழைய ஸ்டாப்புக்கே வந்துருச்சாம். ஐ.டி.ஐ. சொன்னான்’ என்றான்.

‘நீ பார்த்தியா?’

‘இல்லண்ணே. நான் போகல.’

அனாமத்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்றால் முதலில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டேன். பிழைத் திருத்தப் பதிவு போட இன்னொருவர் சம்மதம் வேண்டும். அதைத் தேடிப் போகிற உரிமை எனக்கில்லை. ஆகவே கணக்கு திறந்தே இருக்கும். என் பெயரில் பற்று எழுதி, கீழே கோடு போடாமல் விட்டிருக்கிறேன்.